29,000 பவுண்டைக் கொடுத்துவிட்டுப் போன கிரிக்கெட் வீரர்

கோடை வந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கண்மாய்கள் எல்லாம் கிரிக்கெட் மைதானம் ஆகிவிடும். தண்ணீர் வற்றி வெடித்த தரையில் ஒரு ஓரத்தைச் சமன் செய்து, கருவேலங் குச்சியை நட்டு, டென்னிஸ் பந்தில் ஆட்டம் ஆரம்பித்துவிடும். அந்தப் பையன்களில் யாரைக் கேட்டாலும் ஆஷஸ் என்றால் என்ன என்று சொல்லுவார்கள். இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடக்கும் சண்டை, ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் சாம்பல்.

அந்தக் கிண்ணத்தின் மேல் ஒட்டியிருக்கும் சின்னப் பாட்டில் சில ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒரு பெயர் ஸ்டட். அந்த ஸ்டட் குடும்பத்தில் ஒருவர், ஆடுகிற வயதிலேயே கிரிக்கெட்டை விட்டார், சொத்தை விட்டார், நாட்டையும் விட்டார். நம் தமிழ்நாட்டில் ஊட்டியிலும் 6 வருடம் இருந்திருக்கிறார். இந்தக் கதை எத்தனை கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரியும்?

அவர் பெயர் சார்லஸ் தாமஸ் ஸ்டட். சுருக்கமாக சி.டி. ஸ்டட்.

ஒரு பந்தும் ஆடாமல் நின்றவர்

முதலில் கிரிக்கெட். 1882 ஆகஸ்ட் 28, 29 தேதிகளில் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த டெஸ்ட். இங்கிலாந்து ஜெயிக்க வேண்டியது வெறும் 85 ரன். இரண்டு விக்கெட்டுக்கு 51 ரன் வரை சுகமாகப் போனது. அப்புறம் ஆஸ்திரேலியாவின் ஸ்பாஃபோர்த் பந்து வீசிய வேகத்தில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். 77 ரன்னில் எல்லோரும் அவுட். 7 ரன்னில் தோல்வி. அந்த டெஸ்டில் ஸ்பாஃபோர்த் மட்டும் 14 விக்கெட்!

அந்த வருடம் இங்கிலாந்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஸ்டட். வயது 21. அதே ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக ஒரு சதம், எம்.சி.சி.க்காக ஒரு சதம் அடித்திருந்தார். ஆனால் கேப்டன் ஹார்ன்பி அவரை இறக்கவே இல்லை, பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் 10-வது ஆளாக வந்தார் ஸ்டட். எதிர்முனையில் இருந்த கடைசி ஆட்டக்காரர் பீட், பந்தைத் தூக்கி அடிக்கப் போய் போல்டானார். ஸ்டட் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல் அவுட் ஆகாமல் நின்றார். மிஸ்டர் ஸ்டட்டை நம்ப முடியவில்லை, அதனால்தான் நானே அடித்தேன் என்று பீட் பிறகு சொன்னதாக ஒரு கதை கிரிக்கெட் உலகில் உண்டு.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் ஒரு பத்திரிகை, இங்கிலாந்து கிரிக்கெட் செத்துவிட்டது, உடலை எரித்துச் சாம்பலை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு போவார்கள் என்று கேலியாக இரங்கல் செய்தி போட்டது. ஆஷஸ் பிறந்தது அப்படி. அந்தச் சாம்பலை மீட்கிறேன் என்று ஐவோ பிளை தலைமையில் அந்தக் குளிர்காலத்திலேயே ஓர் அணி கப்பல் ஏறியது. அதில் சி.டி. ஸ்டட்டும் அவருடைய அண்ணன் ஜார்ஜும் இருந்தார்கள். ஸ்டட் மொத்தம் ஆடியது 5 டெஸ்ட். ஓவலில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் நான்கு.

1882, 1883 இரண்டு சீசனிலும் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் எடுத்தார். 1883-ல் கேம்பிரிட்ஜ் அணியின் கேப்டன். அவருக்கு முந்தின வருடம் கேப்டன் அண்ணன் ஜார்ஜ், அடுத்த வருடம் பெரிய அண்ணன் கைனாஸ்டன். ஒரே வீட்டில் தொடர்ந்து மூன்று கேப்டன்கள்! இன்றைக்கு இருந்தால் விளம்பரக் கம்பெனிகள் வாசலில் வரிசையில் நின்றிருக்கும்.

குதிரைப் பந்தயமும் ஜெபக் கூட்டமும்

இவர்களின் அப்பா எட்வர்ட் ஸ்டட் பெரிய பணக்காரர். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமான விஷயம், அதைக் கொஞ்சம் பிறகு பார்க்கலாம். இங்கிலாந்துக்குத் திரும்பியபின் அவருக்குக் குதிரைப் பந்தயம்தான் உயிர். 1866-ல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஜெயித்த சாலமாண்டர் அவருடைய குதிரை.

1870களில் அமெரிக்க நற்செய்தியாளர் டி.எல். மூடி இங்கிலாந்துக்கு வந்தபோது எட்வர்ட் அவருடைய கூட்டத்துக்குப் போனார். அதோடு ஆளே மாறிப்போனார். பந்தயக் குதிரைகளை விற்றார். வீட்டின் பெரிய கூடத்தில் ஜெபக் கூட்டம் நடத்த ஆரம்பித்தார். சில வருடங்களிலேயே இறந்தும் போனார். ஆனால் அதற்குள் மூன்று பையன்களும் அப்பாவின் வழிக்கு வந்திருந்தார்கள்.

ஸ்டட்டுக்கு அந்த விசுவாசம் கிரிக்கெட்டின் புகழில் கொஞ்ச காலம் மங்கித்தான் இருந்தது. அண்ணன் ஜார்ஜ் சாகக் கிடந்தபோதுதான் அது மறுபடியும் அவரைப் பிடித்தது. கட்டிலில் கிடக்கும் அண்ணனுக்கு இந்தப் புகழும் கைதட்டலும் என்ன பயன் என்ற கேள்வி வந்தது. ஜார்ஜ் பிழைத்துக்கொண்டார். கேள்வி மட்டும் தம்பியிடமே தங்கிவிட்டது.

1884 கடைசியில் சீனாவுக்கு மிஷனரியாகப் போவது என்று முடிவு எடுத்தார். அம்மாவுக்குப் பெரிய வருத்தம். குடும்பத்தில் தடுத்துப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. அவரோடு சேர்த்து ஏழு இளைஞர்கள், கேம்பிரிட்ஜ் எழுவர் என்று பெயர். பல்கலைக்கழகப் படகு அணியின் முன்னணி வீரர் ஸ்டான்லி ஸ்மித்தும் அதில் ஒருவர். 1885 பிப்ரவரியில் புறப்பட்டு மார்ச்சில் ஷாங்காய் சேர்ந்தார்கள். டெண்டுல்கர் 24 வயதில் மட்டையை வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? இங்கிலாந்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அவர்கள் போகிற ஊரெல்லாம் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள்.

சீனாவில் ஹட்சன் டெய்லரின் மிஷன். அங்கே ஒரு விதி. சீன உடை, சீனச் சாப்பாடு, சீனர்களைப் போலவே பின்னல் குடுமி. ஸ்டட் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்.

செக்குகள்

ஸ்டட்டுக்கு 25 வயது ஆனதும் அப்பாவின் சொத்தில் அவருடைய பங்கு வந்தது. சுமார் 29,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது ஒருவர் ஆயுள் முழுக்க உட்கார்ந்து சாப்பிடக் கூடிய பணம். அப்போது அவர் சீனாவின் உள்நாட்டில் இருந்தார். எல்லாவற்றையும் கொடுத்துவிடப் போகிறேன், அதற்குரிய அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும் என்று சுங்கிங் நகரத்தில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரியிடம் போனார். அவர் போட மறுத்துவிட்டார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு வா என்றார். இரண்டு வாரம் கழித்து ஸ்டட் அதே பேச்சோடு போய் நின்றார்.

1887 ஜனவரி 13-ல் செக்குகள் கிளம்பின. மூடிக்கு 5,000 பவுண்டு. பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லருக்கு 5,000. லண்டன் வைட்சாப்பல் ஏழைகளுக்கு 5,000. இந்தியாவில் இரட்சணிய சேனையின் வேலைக்கு 5,000. பிறகு ஆயிரம் ஆயிரமாக இன்னும் சிலருக்கு. மூடி அந்தப் பணத்தை சிகாகோவில் தான் தொடங்கிய வேதாகமப் பள்ளிக்குப் பயன்படுத்தினார்.

இந்தியாவுக்கு வந்த அந்த 5,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது பிரெடரிக் டக்கர் என்பவரிடம். இவர் ஐ.சி.எஸ். வேலையை விட்டுவிட்டுக் காவி உடையில் சுற்றியவர். பின்னாளில் பூத் டக்கர் என்று பெயர். தென்கோடியில் இருப்பவர்களுக்கு இரட்சணிய சேனை என்றால் நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும், அதே சேனைதான்.

கொஞ்சம் பணம் மிச்சம் இருந்தது, 3,400 பவுண்டு. 1888-ல் பிரிசில்லா ஸ்டூவர்ட் என்ற அயர்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தபோது அதை அவர் கையில் கொடுத்தார் ஸ்டட். வேதத்தில் எல்லாவற்றையும் விற்றுக் கொடு என்றுதானே இருக்கிறது, கொஞ்சம் வைத்துக்கொள் என்று இல்லையே என்று அந்தப் பெண் கேட்டாராம். அதுவும் இரட்சணிய சேனைக்குப் போய்விட்டது. கையில் ஒன்றும் இல்லாமல் குடித்தனம் ஆரம்பித்தார்கள்.

வட சீனாவில் அவர்கள் செய்த வேலையில் உருப்படியான ஒன்று, அபின் பழக்கத்தில் கிடந்தவர்களுக்கான இல்லம். நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே வந்து பழக்கத்தை விட்டார்கள். அந்த அபின் சீனாவுக்குள் எப்படி வந்தது? பிரிட்டிஷ் கப்பல்கள் கொண்டு வந்தது, பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது. தன் நாட்டு வியாபாரம் கெடுத்து வைத்ததை ஓர் ஆங்கிலேயர் சரி செய்துகொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

திருச்சுழிக்காரர்களுக்குத் தெரிந்த கதை

எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போவது திருச்சுழிக்குப் புதுக் கதை இல்லை. ஸ்டட் செக் எழுதிய 1887-ல் திருச்சுழித் தெருவில் வேங்கடராமன் என்று ஒரு 7 வயதுப் பையன் விளையாடிக்கொண்டிருந்தான். வக்கீல் சுந்தரம் அய்யரின் மகன். 1896-ல் அண்ணனின் காலேஜ் பீஸுக்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மிச்சம் 2 ரூபாயைச் சீட்டோடு வைத்துவிட்டு, மதுரையிலிருந்து கிளம்பினான். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. கையில் மிஞ்சிய காசை அய்யங்குளத்தில் எறிந்தான். அவர்தான் ரமண மகரிஷி.

29,000 பவுண்டும் சில ரூபாயும் ஒன்றா என்று கேட்கலாம். இருந்ததையெல்லாம் விட்டால் இரண்டும் ஒன்றுதான். மதம் வேறு, வழி வேறு. ஆனால் உதறிவிட்டுப் போகும் மனசு ஒரே மாதிரி.

இந்த இரண்டு கதையிலும் யாரும் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. விட்டுவிட்டுப் போகிறவரைப் பற்றி ஊர் பேசும். விடப்பட்டவர்கள்? ரமணரின் அம்மா அழகம்மாள் மகனைத் தேடி அலைந்தார். 1898-ல் திருவண்ணாமலைக்கே வந்து, வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். மகன் வரவில்லை. 1916-ல் அம்மாவே மகனிடம் வந்து சேர்ந்துவிட்டார். மகன் சேர்த்துக்கொண்டார். 1922-ல் அம்மா இறக்கும்போது பக்கத்திலேயே இருந்தார். அம்மாவின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழுந்தது. 20 வருடம் காத்திருந்தாலும் அந்த அம்மாவுக்குக் கடைசியில் ஓர் இடம் கிடைத்தது.

ஸ்டட்டின் வீட்டில் என்ன நடந்தது? அதற்கு முன்னால் அந்தப் பணத்தின் கதை.

அவுரிப் பணம்

எட்வர்ட் ஸ்டட் பணம் சம்பாதித்தது இங்கிலாந்தில் இல்லை. பீகாரின் திருஹட் பகுதியில். அவுரித் தோட்ட முதலாளியாக. அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கும் செடி. தறிச் சத்தமும் சாயத் தொட்டியும் தெரிந்த அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு நல்ல நீலத்தின் மதிப்பு என்ன என்று விளக்க வேண்டியதில்லை. செயற்கைச் சாயம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவின் துணிகளுக்கு நீலம் கொடுத்ததில் வங்காளத்துக்கும் பீகாருக்கும் பெரும் பங்கு உண்டு.

அதை விளைவித்த விவசாயிக்கு என்ன கிடைத்தது? பீகாரில் தீன்கதியா என்று ஒரு முறை. நிலத்தில் 20 பங்குக்கு 3 பங்கு கட்டாயம் அவுரி போட வேண்டும், விலை முதலாளி வைத்ததுதான். நெல் போடுகிறேன் என்று சொல்ல முடியாது. காந்தி 1917-ல் சம்பாரனுக்குப் போனது இந்த வழக்குக்காகத்தான். அந்தச் சம்பாரனும் திருஹட் பகுதியைச் சேர்ந்ததுதான்.

ஸ்டட் பிறந்தது 1860 டிசம்பர் 2. அதே 1860-ல்தான் வங்காளத்தில் தீனபந்து மித்ரா அவுரி விவசாயிகளின் துயரத்தை வைத்து நீல் தர்பண் என்ற நாடகத்தை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பதிப்பித்தவர் ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியார். தோட்ட முதலாளிகள் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1861-ல் 1,000 ரூபாய் அபராதம், ஒரு மாதம் ஜெயில். அபராதத்தை காளிபிரசன்ன சிங்கா என்ற வங்காளி கட்டினார். ஜெயிலை லாங் தானே அனுபவித்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரே விசுவாசம் கொண்ட இரண்டு பேர். ஒருவர் அவுரியில் வந்த பணத்தை முழுக்கத் தானம் செய்தார். இன்னொருவர் அவுரி விவசாயிக்காக ஜெயிலுக்குப் போனார். முதலாமவரின் படம் ஞாயிறு பள்ளிப் புத்தகங்களில் இருக்கிறது. இரண்டாமவரை வரலாறு படிப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டட்டைக் குறை சொல்ல இதை எழுத வேண்டியதில்லை. அப்பா சம்பாதித்த பணத்துக்கு மகன் பொறுப்பில்லை. அதில் ஒரு காசைக்கூட அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் அந்த 29,000 பவுண்டில் திருஹட் விவசாயியின் வியர்வையும் இருந்தது. கொடுத்தவர் பெயர் மட்டும் நிற்கிறது. விளைவித்தவர்கள் பெயர் எந்தச் செக்கிலும் இல்லை. இந்தியாவுக்குத் திரும்பி வந்தது அதில் ஒரு சின்னப் பகுதிதான்.

ஊட்டியில் 6 வருடம்

1894-ல் உடம்பு கெட்டுப்போய் ஸ்டட் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. நான்கு பெண் பிள்ளைகள். ஆண் குழந்தைகள் இரண்டு பிறந்த கொஞ்ச நாளிலேயே இறந்துபோனார்கள். அமெரிக்காவில் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசினார். பிறகு 1900-ல் இந்தியா. எங்கள் குடும்பம் இந்தியாவில்தான் சம்பாதித்தது, அதனால் அந்த நாட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் சுவிசேஷம் கொண்டு போக வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டிருந்தார். அந்தக் கடன் மகன் மனதில் இருந்தது. திருஹட்டில் சில மாதம் இருந்துவிட்டு ஊட்டிக்கு வந்தார். 1906 வரை அங்கே யூனியன் சர்ச்சின் போதகர்.

ஊட்டி அப்போது சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரம். சர்ச்சுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கில அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், பட்டாளத்துக்காரர்கள். சிப்பாய்களோடு பழக ஸ்டட் மறுபடியும் மட்டையைப் பிடித்தார். ஆஸ்துமா அவரைப் படுத்தியெடுத்தது. பல ராத்திரிகள் உட்கார்ந்தபடியேதான் கழிந்தன.

தமிழ் மண்ணில் 6 வருடம் இருந்தும் அவருடைய வேலை ஆங்கிலம் பேசுகிறவர்களோடுதான். இதே காலத்தில், 1901-ல், ஏமி கார்மைக்கேல் அம்மையார் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் தங்கினார். தமிழ் படித்தார், சேலை கட்டினார், கோயிலுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1951-ல் இறக்கும்வரை ஊருக்கே திரும்பவில்லை. தமிழ்நாட்டில் டோனாவூர் அம்மாவைத் தெரிந்த அளவுக்கு ஊட்டி ஸ்டட்டைத் தெரியாததற்குக் காரணம் இதுதான். ஒரு ஊருக்குச் சேவை செய்தவரை அந்த ஊரின் பாஷைதான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அருப்புக்கோட்டைப் பக்கம் அமெரிக்க மதுரை மிஷனுக்கு மண்டபசாலையில் ஒரு நிலையம் இருந்தது. அந்த மிஷன்காரர்களும் முதலில் உட்கார்ந்து தமிழ்தான் படித்தார்கள்.

பிரிசில்லாவின் கணக்கு

50 வயதில் ஸ்டட் ஆப்பிரிக்காவுக்குப் போகக் கிளம்பினார். ஆஸ்துமா உடம்பு. டாக்டர்கள் வேண்டாம் என்றார்கள். பணம் தருவதாக இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். மனைவிக்கும் சம்மதம் இல்லை. 1910 டிசம்பரில் தனியாகக் கப்பல் ஏறினார். முதலில் சூடான். பிறகு 1913-ல் ஆல்பிரட் பக்ஸ்டன் என்ற இளைஞரோடு பெல்ஜியம் காங்கோவின் உள்நாட்டுக்குப் போனார்.

காங்கோ அப்போதுதான் ஒரு நரகத்திலிருந்து வெளியே வந்திருந்தது. 1885 முதல் 1908 வரை பெல்ஜியம் அரசர் லியோபால்டின் சொந்தச் சொத்து அது. ரப்பர் கொண்டுவராதவர்களின் ஊரையே கொளுத்திய ஆட்சி. அதன் கொடுமைகளைப் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டியவர்களிலும் மிஷனரிகள் உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு வெள்ளைக்காரர் மூங்கிலும் மண்ணும் வைத்துக் கட்டிய குடிசையில், ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். கிங்குவானா மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வேலை. கால் நூற்றாண்டுக்கு முன்னால் சீனாவில் இருந்த அதே ஆள்தான்.

மனைவி? பிரிசில்லாவுக்கு இதய நோய். படுத்த படுக்கை. முதலில் கணவர் போவதை எதிர்த்தவர், பிறகு அந்தப் படுக்கையிலிருந்தே மிஷனின் லண்டன் அலுவலகமாக மாறினார். மாதத்துக்கு எத்தனையோ கடிதம், பத்திரிகை, பணம் திரட்டுவது, ஆள் அனுப்புவது. பிறகு எழுந்து நாடு நாடாகப் போய்ப் பேசவும் செய்தார். காங்கோவில் கணவர் தாக்குப்பிடித்ததற்குப் பாதிக் காரணம் இந்த அம்மா.

1916 ஜூலையில் ஸ்டட் கடைசியாக இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். அதற்கப்புறம் கணவனும் மனைவியும் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு முறை. 1928-ல் பிரிசில்லா காங்கோவுக்கு வந்தார். இரண்டு வாரம். அவ்வளவுதான். அடுத்த வருடம் ஜனவரியில் ஸ்பெயினில் இறந்துபோனார். கணவர் பக்கத்தில் இல்லை.

பிரிசில்லாவுக்கும் அதே விசுவாசம்தான். கல்யாணத்தின்போது மிச்சப் பணத்தையும் கொடுக்கச் சொன்னவர் அவர்தான். ஆகவே ஒன்றும் தெரியாமல் ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பணத்தைக் கொடுப்பது வேறு, ஆளைக் கொடுப்பது வேறு. பணத்தை இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்தார்கள். பிரிவை ஒருவர் முடிவு செய்தார், இரண்டு பேரும் சுமந்தார்கள்.

கடைசி வருடங்கள் இன்னும் கசப்பு. தன்னைப் போலவே எல்லோரும் 18 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார் ஸ்டட். முடியாதவர்களின் விசுவாசத்தையே சந்தேகப்பட்டார். காங்கோவுக்குக் கூடவே வந்த பக்ஸ்டன் அதற்குள் அவருடைய மருமகன் ஆகியிருந்தார். அவரையும் சொந்த மகளையும்கூட மிஷனிலிருந்து விலக்கினார். வலி தாங்காமல் மார்பின் எடுத்துக்கொண்டதும் லண்டன் கமிட்டிக்குப் பிடிக்கவில்லை. கமிட்டியோடு சண்டை முற்றி, 1931-ல் மிஷனே இரண்டாக உடைந்தது. அபின் பழக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை மீட்டவர், கடைசியில் அபினிலிருந்தே எடுக்கப்படும் மருந்தை நம்பி வேலை செய்தார் என்பது எவ்வளவு சங்கடமான விஷயம்!

1931 ஜூலை 16-ல் இபாம்பி என்ற ஊரில் இறந்தார். 1933-ல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் இன்னொரு மருமகன், நார்மன் கிரப். ஸ்டட்டைப் பற்றி உலகம் படிப்பதில் பெரும்பகுதி அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். மருமகன் மாமனாரைப் பற்றி எழுதினால் கொஞ்சம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

வீட்டில் இருந்த அண்ணன்

ஸ்டட்டின் பெரிய அண்ணன் கைனாஸ்டனைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கும் அதே அப்பா, அதே மூடி, அதே கிரிக்கெட். அவர் லண்டனைவிட்டுப் போகவில்லை. ரீஜென்ட் தெருவில் இருந்த பாலிடெக்னிக்கில் சேர்ந்து, வேலைக்குப் போகும் ஏழைப் பையன்களுக்கு மாலை நேரப் படிப்பும் விளையாட்டும் கிடைக்க வாழ்நாள் முழுக்க உழைத்தார். அதன் தலைவர் ஆனார். 1928-ல் லண்டன் மேயர், 1930-ல் எம்.சி.சி. தலைவர். வீட்டையும் பார்த்தார், ஊரையும் பார்த்தார். அவர் வாழ்க்கையை யாரும் பரபரப்பாகச் சொல்வதில்லை. மேடையில் சொல்ல அதில் அவுட் ஆகிற கட்டமே இல்லையே!

எது பெரிய தொண்டு? கடல் தாண்டிப் போய்க் காட்டில் செத்ததா, தெருமுனையில் 40, 50 வருடம் பள்ளிக்கூடம் நடத்தியதா? அவரவர் மனசு சொல்லும் பதில். ஆனால் ஒருவரைப் பார்த்து இன்னொருவரை மட்டம் தட்டத் தேவையில்லை.

காங்கோவில் ஸ்டட் ஆரம்பித்த மிஷன் அவரோடு முடிந்துபோகவில்லை. வெக் என்ற பெயரில் இன்றும் பல நாடுகளில் இருக்கிறது. அதன் மூலமாக 1953-ல் ஹெலன் ரோஸ்வேர் என்ற பெண் டாக்டர் காங்கோவுக்குப் போனார். இபாம்பிக்குப் பக்கத்தில் நெபொபொங்கோவில் ஆஸ்பத்திரியைக் கட்டி எழுப்பினார், உள்ளூர்ப் பெண்களை நர்சுகளாகப் பயிற்றுவித்தார். 1964 கலகத்தில் பிடிபட்டு மாதக்கணக்கில் சித்திரவதை அனுபவித்தார். விடுதலையாகி இங்கிலாந்து போனவர் 1966-ல் அதே காங்கோவுக்குத் திரும்பி வந்து மறுபடியும் வேலையில் உட்கார்ந்தார்.

ஸ்டட் போட்ட பாதையில்தான் அவர் வந்தார். அந்தப் பாதையில் நடந்த பிரசவங்கள், ஆறிய புண்கள், படித்து வந்த நர்சுகள் எல்லாம் ஸ்டட் கணக்கிலும் கொஞ்சம் சேரும். அந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தில் திருஹட்டில் அவுரி போட்ட விவசாயியும், லண்டனில் படுக்கையிலிருந்து கடிதம் எழுதிய பிரிசில்லாவும் இருக்கிறார்கள். தியாகம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கைதட்டலாம், தப்பே இல்லை. கைதட்டி முடித்ததும், இந்தத் தியாகத்துக்கு வேறு யார் யார் விலை கொடுத்தார்கள் என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்தால், அவர்கள் பெயரும் தெரிய வரும்.